பெற்றவர்களைத் தேடும் தத்துப்பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சின்ன வயதில் தத்து கொடுக்கப்பட்டு, இப்போது வளர்ந்து ஆளாகி, பெற்றவர்கள் யார் என்று தேட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் எடுத்து வளர்க்கப்பட்டவள்தான். என் தேடல் ஒரு வழியாக முடிந்த பிறகு, அதே பாதையில் வருகிறவர்களுக்குப் பழைய காகிதங்களைப் படித்துச் சொல்வதும் மனு எழுதித் தருவதுமாக இருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போக வேண்டிய விஷயம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

நான் தத்துப்பிள்ளைதானா என்பதே சந்தேகமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ யாராவது வாய் தவறிச் சொல்லித்தான் நிறையப் பேருக்குத் தெரியவருகிறது. சொன்னவரை உலுக்கிப் பயனில்லை, அவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கும், மீதியை அவரே இட்டுக்கட்டியிருப்பார். வளர்த்த அம்மா அப்பாவிடம், வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நேராகக் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழை வைத்து முடிவு செய்ய முடியாது. சட்டப்படி தத்தெடுத்த குழந்தைக்கு வளர்த்தவர்களின் பெயரையே பெற்றோர் என்று போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். பிறந்த தேதிக்கும் பதிவு செய்த தேதிக்கும் நடுவில் பெரிய இடைவெளி, குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊரில் பிறந்ததாக இருப்பது, அம்மா கர்ப்பமாக இருந்த ஒரு போட்டோகூட இல்லாதது இதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் தாமதமாகப் பதிவு செய்வது சாதாரணம். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் வளர்த்தவர்களின் சம்மதத்தோடு டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம். அவர்களுக்குத் தெரியாமல் தலைமுடியை எடுத்து அனுப்பும் வேலையெல்லாம் வேண்டாம்.

தேடினால் வளர்த்தவர்களுக்குத் துரோகம் செய்வதாகாதா?

ஆகாது. இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். "நாங்கள் உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று அம்மா கேட்கத்தான் செய்வார், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பயம். டாக்டர் "வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கா, மார்பில் கட்டி வந்திருக்கா" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் குலதெய்வம் எது என்று கேட்டபோது உள்ளுக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லுங்கள். பல அம்மாக்கள் ஒருநாள் அழுதுவிட்டு மறுநாள் பீரோவிலிருந்து பழைய கவரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"அவர்கள் காலத்துக்குப் பிறகு தேடிக்கொள்கிறேன்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அந்த நல்ல மனசு புரிகிறது. ஆனால் பெற்ற அம்மாவுக்கும் வயதாகிறது, அன்று அங்கே இருந்த நர்ஸுக்கும் ஆயாவுக்கும் வயதாகிறது, தகவலின் முக்கால்வாசி வளர்த்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும்.

சட்டத்தில் எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவில் தத்தெடுப்பை மேற்பார்வை செய்யும் மத்திய அமைப்பு காரா. 2022-ம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் வேர்தேடலுக்கு (தத்துப்பிள்ளை தன்னைப் பெற்றவர்களைத் தேடுவதற்கு) என்றே தனியாக ஒரு விதி உண்டு. 18 வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைவான வயது என்றால் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். காரா, மாநில தத்துவள மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, உங்களைக் கொடுத்த நிறுவனம், வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்டு அமைப்பு, இந்தியத் தூதரகம் என யாரிடம் போனாலும் அவர்கள் உதவ வேண்டும்.

அதே விதியில் மூன்று வரம்புகள் இருக்கின்றன, ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, குழந்தையை ஒப்படைக்கும்போது "என் பெயரைச் சொல்லக் கூடாது" என்று பெற்றவர் கேட்டிருந்தால், இப்போது அவருடைய சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலோ, ஆளையே கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் எதற்காக ஒப்படைத்தார் என்பதையாவது உங்களிடம் சொல்லியாக வேண்டும். இரண்டு, மூன்றாம் மனிதர் யாரும் உங்களுக்காகத் தேட அனுமதி கிடையாது. நண்பர், ஏஜெண்ட், என்னைப் போன்றவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். மனு எழுத நான் உதவலாம், கையெழுத்தும் விண்ணப்பமும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். மூன்று, பெற்றவரின் அந்தரங்க உரிமையை உங்கள் உரிமை மீறக் கூடாது.

இந்த மூன்றாவதைப் படித்ததும் பலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு வரவில்லை. என் கதையைத் தெரிந்துகொள்ள எனக்கு முழு உரிமை உண்டு, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மாவின் வீட்டு வாசலைத் திறப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களும் அந்த நினைப்பில் எழுதியவைதான்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்து. காகிதம் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த கதவு எது என்பது தெரியும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்துக் குடும்பம், பெற்றவர்களே நேரடியாகக் கொடுத்தார்கள் என்றால், 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி நடந்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் கொடுப்பவர், வாங்குபவர் இரண்டு தரப்பின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும், சாட்சிகள் பெயரும் இருக்கும். ரிஜிஸ்டர் ஆபீஸில் இது நிலப் பத்திரங்கள் இருக்கும் புத்தகத்தில் இருக்காது, 4-ம் புத்தகத்தில் இருக்கும். அதனால் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் கிடைக்காது. 4-ம் புத்தகத்தின் நகலைப் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் தருவார்கள், வளர்த்த அப்பாவோ அம்மாவோ கூட வந்தால் வேலை சுலபமாக முடியும். வருடம் தெரியாவிட்டாலும் உத்தேசமாக நாலைந்து வருடத்துக்குத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

இந்துக் குடும்பம், ஆனால் ஆசிரமம் அல்லது நிறுவனம் மூலம் வந்தீர்கள் என்றால், பெரும்பாலும் கோர்ட் அனுமதி வாங்கியிருப்பார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு அப்போது முழுத் தத்துக்குச் சட்டமே இல்லை. 1890-ம் வருடச் சட்டப்படி பாதுகாவலர் என்றுதான் உத்தரவு வாங்கியிருப்பார்கள், 2000-த்தில் இளைஞர் நீதிச் சட்டம் வந்த பிறகுதான் எல்லா மதத்தவருக்கும் வழி பிறந்தது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்கும் பழைய காலத்தில் இந்தப் பாதுகாவலர் உத்தரவுதான். ஆக, வீட்டில் தத்துப் பத்திரம் இல்லை என்றால் சோர்ந்து போகாதீர்கள், கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கு எண்ணும் வருடமும் அதில்தான் இருக்கும். அதை வைத்து நகல் மனு போடலாம். வழக்குக் கட்டின் பல பாகங்களைச் சில வருடங்களில் அழித்துவிடுவார்கள், ஆனால் உத்தரவும் பதிவேடும் நீண்ட நாள் இருக்கும். கட்டு முழுதாகக் கிடைத்தால் நிறுவனம் தாக்கல் செய்த மனுவும் பெற்றவர் எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் கடிதமும் உள்ளே இருக்க வாய்ப்புண்டு.

2022 செப்டம்பருக்குப் பிறகு தத்து உத்தரவைக் கோர்ட்டுக்குப் பதிலாகக் கலெக்டர் தருகிறார். இப்போது தேடுகிற வயதில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது.

அப்புறம் காகிதம் அல்லாதவை. முதல் போட்டோவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, வந்தபோது போட்டிருந்த சட்டை, கையில் கட்டியிருந்த கயிறு, நிறுவனம் வைத்த பழைய பெயர். பழைய பெயர் மிக முக்கியம், ஏனென்றால் நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் இப்போதைய பெயரில் இருக்க மாட்டீர்கள்.

காராவுக்கு எப்படி எழுத வேண்டும்? பதில் வருமா?

ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, தத்து உத்தரவு அல்லது பத்திரம், பாஸ்போர்ட், பழைய பெயர், நிறுவனத்தின் பெயர், வந்த தேதி என இருப்பதையெல்லாம் இணையுங்கள். அவர்கள் அதை மாநிலத்துக்கு அனுப்ப, மாநிலம் மாவட்டத்துக்கு அனுப்ப, மாவட்டம் நிறுவனத்தைக் கேட்கும். மெதுவாகத்தான் நகரும். அதனால் காராவுக்கு அனுப்பிய மனுவின் நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். எந்த மாவட்டம்? நீங்கள் இப்போது இருக்கும் மாவட்டம் இல்லை, உங்களைக் கொடுத்த நிறுவனம் இருந்த மாவட்டம்.

மனுவில் "என் பெற்றோரைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று ஒற்றை வரி எழுதினால் "தகவல் இல்லை" என்று ஒற்றை வரி பதில் வரும். பிரித்துக் கேளுங்கள்: சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயருள்ள பக்கம், ஒப்படைப்புக் கடிதம், மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, போலீஸ் விசாரணை அறிக்கை, என்னோடு ஒப்படைக்கப்பட்ட பொருள்களின் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், ஆனால் பெற்றவரின் பெயர் என்று வரும்போது தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். அதற்கு வேர்தேடல் மனுதான் சரியான வழி.

என்னைக் கொடுத்த நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். இனி என்ன?

பழைய ஃபைல்கள் எங்கே போயின என்று முதலில் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அதற்கு மேலே சென்னையில் உள்ள துறைத் தலைமை அலுவலகம் (முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்தது, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை). சர்ச் அல்லது கன்னியர் மடம் நடத்திய இடம் என்றால் அந்தச் சபையின் தலைமை இல்லத்துக்கு எழுதுங்கள், இல்லத்தை மூடினாலும் பதிவேட்டை அவர்கள் தூக்கிப் போடுவது குறைவு. ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள், அங்கே சேர்ந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம்.

நான் தொட்டில் குழந்தை. தேட முடியுமா?

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். பெண் சிசுக் கொலை அதிகம் நடந்த சேலத்தில் 1992-ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது, 2001-க்குப் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் விரிந்தது. யார் என்று கேட்க மாட்டோம், பிள்ளையைக் கொல்லாமல் இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படையே. அதனால் அம்மாவின் பெயர் ஃபைலில் இல்லாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. முதல் தொட்டில் பிள்ளைகள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், தேடி வருகிறவர்களும் அவர்கள்தான்.

இருந்தாலும் ஃபைலைக் கேளுங்கள். குழந்தை வந்த தேதி, நேரம், எடை, தொப்புள் கொடி விழுந்திருந்ததா, எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். சில குழந்தைகளைத் தாயோ பாட்டியோ நேரில் வந்து கொடுத்திருக்கிறார்கள், அப்போது ஊர் பெயராவது எழுதியிருப்பார்கள். "எனக்கு மூணாவதும் பொட்டப் பிள்ளை" என்று சொன்னதாக ஒரு வரி இருந்தால், உங்களுக்கு மேலே இரண்டு அக்காக்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒரு வரி சிலருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

உங்களை அவர் சாக விடவில்லை, அந்த வீட்டில் அதற்கான வற்புறுத்தல் இருந்திருந்தும் உயிரோடு கொண்டுவந்து விட்டிருக்கிறார். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அந்த வருடங்களில் அந்தப் பகுதியில் நிலைமை அப்படித்தான் இருந்தது.

எந்தக் காகிதமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வாங்கி வந்ததாகச் சொல்கிறார்கள்.

இதுதான் மிகக் கஷ்டமான வகை. சின்ன நர்ஸிங் ஹோமில் பிரசவம், அங்கேயே கைமாறியது, சான்றிதழில் நேரடியாக வளர்த்தவர்கள் பெயர். இப்படிப் பண்ணுவது சட்டப்படி தவறு, ஆனால் நிறைய நடந்திருக்கிறது. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பது டாக்டர்களுக்கான விதி, ஆகவே இருபது முப்பது வருடத்துக்கு முந்தைய கேஸ் ஷீட்டை எதிர்பார்க்காதீர்கள். பிறப்புப் பதிவேடு அப்படி இல்லை, நகராட்சியிலும் மாநகராட்சியிலும் அது நிரந்தரப் பதிவு. ஆனால் அதில் உள்ள பெயரே பொய் என்றால் பயன் குறைவு.

இங்கே ஆட்கள்தான் ஆவணம். பிரசவம் பார்த்த டாக்டரம்மா, நர்ஸ், ஆயா, நடுவில் நின்று பேசிய உறவினர். ஒவ்வொருவரிடமும் பேசும்போது முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: "யார் மேலும் கேஸ் போட வரவில்லை, என் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும்." நீங்கள் அதை மனதாரச் சொன்னால் பேசுவார்கள். கேஸ் போடும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் இப்படிச் சொல்லாதீர்கள்.

அப்புறம், சொந்தத்துக்குள்ளேயே கொடுத்த பிள்ளையாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். சித்தி என்று கூப்பிட்டவர் பெற்றவராக இருந்த கதைகள் நம் குடும்பங்களில் எத்தனையோ.

டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் கண்டுபிடித்துவிடலாமா?

வெளிநாட்டில் இது பல பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. நமக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ, மைஹெரிடேஜ், ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. போன்ற கம்பெனிகள் எச்சிலையோ கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து எடுத்த மாதிரியையோ வாங்கி, தங்களிடம் ஏற்கெனவே பரிசோதித்தவர்களோடு ஒப்பிட்டு, யாரோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பட்டியல் தருகின்றன. சேலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அம்மா இதைச் செய்திருக்கப் போவதில்லை. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, லண்டன் என்று போன தூரத்து உறவு யாராவது செய்திருந்தால் அவர் வருவார்.

எவ்வளவு பொருந்துகிறது என்பதை சென்டிமார்கன் என்ற அலகில் தருவார்கள். அம்மா அல்லது அப்பா என்றால் சுமார் 3,400-க்கு மேல், ஒரு பக்கம் மட்டும் ஒன்றான அண்ணன் தங்கை என்றால் சுமார் 1,700, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்றால் சுமார் 850. ஆனால் இந்தக் கணக்கு உறவுக்குள் கல்யாணம் செய்யாத சமூகங்களை வைத்துப் போட்டது. நம் ஊரில் மாமன் மகளையும் அத்தை மகனையும், அக்கா மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். அதனால் ஆறாவது ஏழாவது தலைமுறைச் சொந்தம்கூட மூன்றாவது தலைமுறைச் சொந்தம் மாதிரி பட்டியலில் மேலே வந்து நிற்கும். 60, 80 என்று நிறையப் பேர் வந்தால் அத்தனை பேரும் நெருங்கிய சொந்தம் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள், அவர்கள் உங்கள் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்லாது. இருவருக்கும் ஒத்துப்போகும் டி.என்.ஏ. துண்டுகள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள்: பல சின்னத் துண்டுகள் சேர்ந்து 80 வருவதைவிட ஒரே நீளமான துண்டு இருப்பதுதான் நெருக்கத்துக்கு அடையாளம்.

சாதி என்றதும் இன்னொன்று. இந்தத் தேடலில் சாதி தெரியவரும், ஃபைலிலேயே எழுதியிருக்கும் அல்லது டி.என்.ஏ. பட்டியலில் புரிந்துவிடும். வளர்த்த குடும்பத்தின் சாதியாக அது இல்லாமல் இருக்கலாம். புருஷன் வீட்டில் இதை வைத்துப் பெண்களைக் குத்திக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம் காட்டுவது என்று முடிவு செய்யாமல் ஃபைலை எல்லார் முன்பும் பிரிக்காதீர்கள்.

23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. எந்தக் கம்பெனியில் செய்தாலும் மூலத் தரவைப் பதிவிறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக்கில், யூடியூபில் போட்டால் சீக்கிரம் கிடைக்குமே?

கிடைக்கலாம். உங்கள் போட்டோவையும் உங்கள் பழைய பெயரையும் போடுவது உங்கள் இஷ்டம். பெற்ற அம்மாவின் பெயரையும் ஊரையும் போடவே போடாதீர்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்று, யாருக்கும் தெரியாமல் ஒப்படைத்துவிட்டு, அப்புறம் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவராக அவர் இருக்கலாம். அவர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வீடியோ சுற்றினால் அதன் பிறகு நடப்பதை உங்களால் தடுக்க முடியாது. புருஷனிடம் அடி வாங்குவதும், வீட்டைவிட்டு அனுப்பப்படுவதும் இன்றும் நடக்கிற ஊர் இது.

பணம் வாங்கிக்கொண்டு "ஒரே மாதத்தில் அம்மாவைக் காட்டுகிறேன்" என்கிற ஏஜெண்டுகளிடம் தயவுசெய்து போகாதீர்கள். முதலில் சொன்னேனே, மூன்றாம் மனிதர் தேடுவதற்குச் சட்டத்தில் அனுமதியே இல்லை. பணத்துக்காக யாரையாவது அம்மா என்று கொண்டுவந்து நிறுத்தவும் செய்வார்கள். அப்படி யாரையாவது சந்தித்தால், டி.என்.ஏ. முடிவு வரும்வரை உறவு கொண்டாடாதீர்கள், அந்த அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

ஃபைலில் இருப்பதை அப்படியே நம்பலாமா?

நம்பாமல் படியுங்கள். 1984 பிப்ரவரியில் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகளை வகுத்ததே, அதற்கு முன்பு கட்டுப்பாடு போதாமல் இருந்ததால்தான். அதற்குப் பிறகும் தவறு நின்றுவிடவில்லை. சென்னையில் 2005-ல் வெளியே வந்த மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்தின் விவகாரத்தில், தெருவில் தூங்கிக்கொண்டிருந்த ஏழைகளின் குழந்தைகளைத் தூக்கிப் போய்ப் போலிக் காகிதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பியதாகச் சிலரைப் போலீஸ் கைது செய்தது. "ஒப்படைத்தார்" என்று எழுதியிருக்கும் அம்மா உண்மையில் பிள்ளையைக் காணவில்லை என்று ஸ்டேஷன் வாசலில் நின்றவராக இருக்கலாம். கைநாட்டு யாருடையது, சாட்சிகள் நிறுவனத்தின் ஊழியர்களாகவே இருக்கிறார்களா, ஒரே கையெழுத்தில் பல ஒப்படைப்புக் கடிதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இலங்கையில் 1980-களில் நடந்தது இன்னும் பெரிது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு சுமார் 11,000 குழந்தைகள் போனதாகச் சொல்கிறார்கள், பலருடைய விஷயத்தில் பெற்றவருக்குப் பதிலாக வேறொரு பெண்ணை அம்மா என்று நடிக்க வைத்துக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அப்போதைய இலங்கைச் சுகாதார அமைச்சரே குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். இலங்கையையும் சேர்த்து ஐந்து நாடுகளை விசாரித்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. இலங்கையிலிருந்து தத்துப் போய் இப்போது தேடுகிறவர்கள் ஃபைலில் உள்ள பெண்ணைக் கண்டுபிடித்தாலும் டி.என்.ஏ. பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

அம்மா இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. நேரில் போகட்டுமா?

வேண்டாம், உடனே வேண்டாம். மாவட்ட அலுவலகம் மூலமாகத் தொடர்பு கொள்ளச் சொல்லுங்கள். பெண் அலுவலர், அவர் வீட்டில் தனியாக இருக்கும் நேரம், வேறு ஏதாவது காரணம் சொல்லி உள்ளே போவது என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போன் நம்பர் உங்களிடமே இருந்தால் யார் எடுப்பார்கள் என்பது தெரியாது, எடுப்பது அவருடைய மகனாக இருக்கலாம். கடிதமும் அப்படித்தான், அவருக்குப் படிக்கத் தெரியாமல் பேத்தி படித்துக் காட்ட நேரலாம்.

சந்திப்பு முடிவானால் அவர் ஊரிலும் வேண்டாம், உங்கள் வீட்டிலும் வேண்டாம். நடுவில் ஒரு ஊர், ஒரு கோயிலோ நிறுவனத்தின் அலுவலகமோ. முதல் நாளே "ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். அவர் சொல்லட்டும். பாஷை ஒன்றாக இருந்தும் பேச வார்த்தை வராமல் போவது எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்படாதீர்கள்.

அவர் என்னைப் பார்க்க மறுத்துவிட்டால்?

எனக்கு அதுதான் நடந்தது. சந்திக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் அதிகாரியிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார்: அவர்கள் குடும்பத்துப் பெண்களுக்கு நாற்பதைத் தாண்டினால் சர்க்கரை வருகிறது, நான் பார்த்துக்கொள்ள வேண்டும், என்னை யாரும் பிடுங்கிக் கொடுக்கவில்லை, அவரே யோசித்துக் கையெழுத்துப் போட்டார். வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் தெரியாமல் இருந்த வலி வேறு, இது வேறு. இதோடு என்னால் வாழ முடிகிறது. மறுப்பு வந்தால் மறுபடி மறுபடி ஆள் அனுப்பாதீர்கள். உங்கள் முகவரியை ஃபைலில் விட்டுவிட்டு வாருங்கள், எப்போதாவது அவர் மனம் மாறினால் வழி இருக்கும். அந்த மாதங்களில் உங்களோடு பேச ஒரு ஆள் இருக்கட்டும், மனநல ஆலோசகரோ நல்ல தோழியோ.

சொத்து கேட்க வந்திருக்கிறேன் என்று நினைப்பார்களே?

நினைப்பார்கள், குறிப்பாக கூடப் பிறந்தவர்கள். 1956 சட்டத்தின் 12-வது பிரிவைச் சொல்லுங்கள்: தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு உள்ள பந்தம் சட்டப்படி அறுந்துவிடுகிறது, தத்துக்கு முன்பே பிள்ளையின் பேரில் வந்து சேர்ந்திருந்த சொத்தைத் தவிர வேறெதுவும் அங்கிருந்து கேட்க முடியாது. அதே பிரிவு, பிறந்த குடும்பத்தில் யாரைக் கல்யாணம் செய்யக் கூடாதோ அவர்களைத் தத்துக்குப் பிறகும் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. பெற்றவர்கள் யார் என்றே தெரியாமல் இதை எப்படிப் பின்பற்றுவது? தேடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் எங்கள் தெருவில் தன் அம்மாவைத் தேடி வந்திருக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், அவர் கொண்டுவந்த காகிதத்தில் உள்ள தமிழைப் படித்துச் சொல்லுங்கள். தெருப் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரைச் சொல்லுங்கள், வயதானவர்களிடம் கூட்டிப்போங்கள். அந்த அம்மா யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் அவரிடம் நேராகக் கூட்டிப்போகாமல், முதலில் நீங்கள் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். டிவிக்காரர்களுக்குப் போன் போடாதீர்கள்.

நான் பிள்ளையைக் கொடுத்த அம்மா. நான் தேடலாமா?

இந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது, பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருக்காகக் கேட்பது போலக் கேட்கிறார்கள். வேர்தேடல் விதி பிள்ளைக்குத்தான் வழி தருகிறது, பெற்றவர் பிள்ளையைத் தேடி விண்ணப்பிக்க அதில் இடமில்லை. ஆனால் உங்கள் பிள்ளை ஒருநாள் அந்த ஃபைலைத் திறக்கலாம், அப்போது உள்ளே உங்கள் கடிதம் இருக்கும்படி செய்யலாம். நீங்கள் ஒப்படைத்த நிறுவனத்துக்கும், அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கடிதம் கொடுங்கள். அன்றைய உங்கள் பெயரும் முகவரியும், பிள்ளை பிறந்த தேதியும் ஆஸ்பத்திரியும், ஆணா பெண்ணா, ஒப்படைத்த தேதி, குடும்பத்தில் உள்ள நோய்கள், "என் பிள்ளை வந்து கேட்டால் என் விவரத்தைத் தரச் சம்மதம்" என்ற வரி, உங்களை எந்த வழியில் தொடர்புகொண்டால் பாதுகாப்பு என்பது (வீட்டு நம்பர் வேண்டாம் என்றால் நம்பிக்கையான ஒருவருடையது) எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் இன்னொருவரை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும். ஒப்புகை வாங்கி வையுங்கள், முகவரி மாறினால் மறுபடி ஒரு கடிதம் கொடுங்கள்.